சங்கை ஊதுவது யார்?

‘சைரன்’ என்ற சொல்லைக் கேட்காத பஞ்சாலைத் தொழிலாளி இருக்க முடியாது. நாம் அதைச் சங்கு என்கிறோம். ‘முதல் சங்கு ஆச்சு’, ‘ரெண்டாம் சங்குக்குள்ளே கேட்டைத் தாண்டணும்’ என்ற பேச்சு கேட்காத மில் காலனி உண்டா? ஆனால் ஆம்புலன்சுக்கும், தீயணைப்பு வண்டிக்கும், அமைச்சருக்கு முன்னால் பறக்கும் போலீஸ் ஜீப்புக்கும் சைரன் என்றே சொல்கிறோம். சங்கு நம் சொல். சைரன் வந்த சொல்.

சென்ற மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஓர் இளம் தோழர், நூற்பு இலாகாவில் வேலை செய்பவர், ‘இந்தச் சைரன் எந்த ஊர்ச் சொல், தோழர்?’ என்று கேட்டார். ‘இங்கிலீஷ்தான்’ என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். பத்தாவது படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து தேடினேன். அந்தச் சொல் கிரேக்க நாட்டுப் புராணத்தில் பிறந்து, பாரீஸ் வழியாக நம் ஆலைக் கேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த வழியில் அது எத்தனை வேஷம் போட்டது என்று பார்த்தபோது, இது தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமல்ல என்று தோன்றியது.

கிரேக்கர்களின் பெரிய காவியங்கள் இரண்டு. இரண்டையும் ஹோமர் என்ற புலவர் பாடியதாகச் சொல்கிறார்கள். அதில் ஒன்று ஒடிஸ்ஸி. டிராய் நகரத்து யுத்தம் முடிந்து, ஒடிஸ்ஸியஸ் என்ற சிற்றரசன் தன் ஆட்களோடு கப்பலில் ஊர் திரும்பும் கதை. அதன் 12ஆம் காண்டத்தில் சைரன்கள் வருகிறார்கள். கடல் நடுவில் ஒரு தீவு. பச்சைப் புல்வெளி. அதில் உட்கார்ந்து இருவர் பாடுகிறார்கள். பாட்டைக் கேட்ட மாலுமி வீடு, மனைவி, மக்கள் எல்லாவற்றையும் மறந்து அங்கேயே கிடந்து சாவான். சுற்றிலும் மனித எலும்புக் குவியல்.

அவர்கள் எதைப் பாடினார்கள்? நம் சினிமாவில் வருவதுபோல மயக்கும் காதல் பாட்டு என்று நினைப்போம். அப்படியில்லை. டிராய் யுத்தத்தில் நடந்தது எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பதெல்லாம் தெரியும், கேட்டுவிட்டுப் போகிறவன் அறிவாளியாகப் போவான் என்பதுதான் அவர்கள் காட்டிய ஆசை. அறிவைக் காட்டித்தான் இழுத்தார்கள்.

ஒடிஸ்ஸியசுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? தேன்மெழுகை வெட்டி, கையில் பிசைந்து, துடுப்புப் போடுகிறவர்களின் காதுகளை அடைத்தான். தன் காதை மட்டும் அடைக்கவில்லை. தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான். ‘நான் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள்’ என்று உத்தரவு. தீவை நெருங்கியபோது காற்றும் நின்றுவிட்டது. பாய் பிரயோஜனமில்லை. ஆட்கள் தோள் வலிக்கத் துடுப்புப் போட்டார்கள். தலைவன் கட்டுண்ட நிலையில் பாட்டை ரசித்தான். கப்பல் கடந்து போயிற்று.

பல நூறு வருஷங்களாக இந்தக் கதையை ஒடிஸ்ஸியசின் புத்திசாலித்தனத்துக்குச் சான்றாகச் சொல்லி வந்தார்கள். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவில் தங்கியிருந்த ஹார்க்ஹைமர், அடோர்னோ என்ற இரண்டு ஜெர்மன் அறிஞர்கள், 1947இல் அச்சான தங்கள் புத்தகத்தில் இந்தக் காட்சியைத் திருப்பிப் பார்த்தார்கள். பாட்டு ஒருவனுக்கு, உழைப்பு மற்றவர்களுக்கு என்ற ஏற்பாடு அந்தக் கப்பலிலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். அதை அவர்கள் எழுதியிருக்கும் பாஷைதான் அவர்களே நம் காதில் மெழுகை வைத்தது மாதிரி இருக்கிறது! விஷயம் என்னவோ பாயிலர் பக்கத்தில் நிற்கிற எந்தத் தொழிலாளிக்கும் ஒரு நொடியில் விளங்கக் கூடியதுதான்.

கிரேக்கர்களிடமே வேறொரு கதையும் உண்டு. ஆர்கோ என்ற கப்பல் அதே தீவைக் கடந்தது. அதில் ஆர்பியஸ் என்ற பாடகன் இருந்தான். அவன் ஒருவர் காதையும் அடைக்கவில்லை. தன் யாழை எடுத்துச் சைரன்களை மிஞ்சிப் பாடினான். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் அவன் பாட்டைக் கேட்டபடி கடந்து போனார்கள். ஒரே ஒருவன் மட்டும் மயங்கிக் கடலில் குதித்தான். இந்தக் கதை அவ்வளவாகப் பரவவில்லை. ஏன் பரவவில்லை என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

பறவையும் மீனும் பசுவும்

சைரனின் உருவம் என்ன? ஹோமர் சொல்லவில்லை. கிரேக்கச் சித்திரக்காரர்கள் பெண் முகமும் பறவை உடலும் கொடுத்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சுமார் 2,500 வருஷத்துப் பழைய ஜாடி ஒன்றில், பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிஸ்ஸியசையும் பாறைமேல் நிற்கும் பறவைப் பெண்களையும் இன்றும் காணலாம். பிற்பாடு ஐரோப்பாவில் சிறகு போய் மீன் வால் வந்தது. இன்று பிரஞ்சு மொழியில் கடற்கன்னிக்கும் ஆலைச் சங்குக்கும் ஒரே சொல்தான். ஆண்களைக் கெடுக்கும் அழகி என்ற பொருளும் இடையில் ஏறியது. பெண்ணின்மேல் பழியைப் போடுவதில் கிரேக்கனும் நம் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒன்றுதான்.

நேப்பிள்ஸ் நகரத்துக்குப் பழைய பெயர் பார்த்தினோப்பி. அது ஒரு சைரனின் பெயர். அவள் உடல் அங்கேதான் கரை ஒதுங்கியது என்பது ஐதிகம். 1799இல் பிரஞ்சுப் புரட்சியின் வேகத்தில் அந்த ஊரில் மன்னனை விரட்டிக் குடியரசு அமைத்தவர்கள், அதற்குப் பார்த்தினோப்பியக் குடியரசு என்று அவள் பெயரையே வைத்தார்கள். ஆறு மாதம்கூட அது நிலைக்கவில்லை. மன்னன் திரும்பி வந்தான், தூக்குமரங்கள் எழுந்தன.

1493 ஜனவரியில் கொலம்பஸ் மூன்று சைரன்களைக் கடலில் கண்டதாகவும், படத்தில் எழுதுகிற அளவுக்கு அவை அழகாக இல்லை என்றும் குறித்து வைத்தான். அவன் கண்டது கடற்பசு இனத்து மிருகம். அதனால்தானோ என்னவோ, அந்த இனம் முழுவதற்கும் விஞ்ஞானிகள் சைரன் பெயரையே சூட்டிவிட்டார்கள். நம் பாக் ஜலசந்தியில் மேயும் ஆவுளியா அந்தக் குடும்பம்தான். கடற்புல்லைத் தின்று வாழும் சாது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்குக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பாடத் தெரியாத இந்தச் சைரன் யாரையும் கெடுத்ததில்லை.

இரட்டை வால் சைரன் ஒன்று இன்று உலகத்துப் பெரிய நகரங்களில் எல்லாம் காப்பிக் கடை வாசலில் தொங்குகிறது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1971இல் தொடங்கிய ஸ்டார்பக்ஸ் கம்பெனியின் சின்னம் அது. அந்தச் சின்னத்தின் கீழ் பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிற பையன்களும் பெண்களும் 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்துக் கடை ஒன்றில் ஓட்டெடுப்பு நடத்தி, 19க்கு 8 என்ற கணக்கில் சங்கம் அமைத்தார்கள். பிறகு அது நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பரவியது. துடுப்புக்காரர்கள் காதிலிருந்து மெழுகைத் தாங்களே எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாரீசில் பிறந்த கருவி

நம் ஆலைக்கு வந்த சைரனைப் பார்ப்போம். 1819இல் பிரஞ்சு விஞ்ஞானி கன்யார் தெ லா தூர் ஒரு கருவி செய்தார். வட்டத் தகடு, அதில் சம இடைவெளியில் துளைகள். தகடு சுழலும்போது அடியிலிருந்து காற்று பாய்கிறது. துளை வரும்போது காற்று வெளியேறும், துளை நகர்ந்ததும் அடைபடும். இப்படி ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை காற்று வெட்டுப்பட்டால் அது நாதமாகக் கேட்கிறது. சுழலும் வேகம் கூடினால் சுருதி ஏறும். தொலைவில் சங்கு ஊதத் தொடங்கும்போது அடிக்குரலில் முனகி மேலே ஏறுகிறதே, அதன் ரகசியம் இதுதான். ஒரு நாதத்துக்கு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணுவதற்காகத்தான் அவர் இதைச் செய்தார். தண்ணீருக்குள் வைத்தாலும் பாடியது. கடலில் பாடும் சைரன்களை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்.

சோதனைச் சாலை விளையாட்டாகத் தொடங்கியது, சில பத்து வருஷங்களில் கடலுக்கே போயிற்று. மூடுபனியில் விளக்கு தெரியாதபோது கலங்கரை விளக்கத்திலிருந்து நீராவிச் சைரன் ஊதிக் கப்பல்களை எச்சரித்தார்கள். புராணத்துச் சைரன் கப்பலைப் பாறைக்கு இழுத்தது. இந்தச் சைரன் பாறையிலிருந்து கப்பலை விலக்கியது. மனிதன் கையால் செய்த பொருள், பெயர் வைத்த தேவதையைவிட யோக்கியமாக நடந்துகொண்டது!

பிறகு அது ஆலைக்குள் வந்தது. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

ஆலைகள் வருவதற்கு முன்னால் உழைப்பாளிக்கு நேரம் காட்டியது சூரியனும் சேவலும். அதனால் உழைப்பு குறைவாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. விடியுமுன் வயலில் இறங்கி இருட்டிய பின் கரையேறிய பண்ணையாட்களின் வாழ்வு நமக்குத் தெரியாதா? இலங்கை மலைத் தோட்டங்களில் நம் ஜனங்களை இருட்டோடு தப்படித்து எழுப்பிப் பெரட்டுக்கு நிறுத்தினார்களே! ஆனால் ஆலை வேறு ஒன்றைக் கேட்டது. ஆயிரம் பேரும் ஒரே நிமிடத்தில் யந்திரத்தின் முன் நிற்க வேண்டும். முதலில் மணி அடித்தார்கள். பிறகு நீராவி ஊதல். பிறகு சைரன். மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவல், தோழர் ரகுநாதன் தமிழில் தந்தது, ஆலைச் சங்கின் அலறலோடுதான் தொடங்குகிறது. ருஷ்யாவில் அந்த ஊர் எங்கே, நம் ஊர் எங்கே! ஆனாலும் முதல் பக்கத்திலேயே நமக்கு நம் தெரு தெரிந்துவிடுகிறது.

ஆலைச் சங்கு வெறும் நேரத்தைத்தானே சொல்கிறது, அதில் என்ன வர்க்கம் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலையில் சிறுவனாக வேலை பார்த்த ஒருவரின் நினைவுக் குறிப்பு 1850இல் அச்சானது. காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுத்து வைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. சட்டைப்பையில் கடிகாரம் வைத்துக்கொள்ளவே தொழிலாளி பயந்தானாம். நேரம் தெரிந்தவனைத்தான் முதலில் வேலையிலிருந்து நீக்குவார்கள். இந்தத் திருட்டு பகிரங்கமாக நடந்ததால்தான், 1844இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், ஆலை நேரத்தைப் பொதுக் கடிகாரம் ஒன்றை வைத்து, உதாரணமாக ரயில்வே கடிகாரத்தை வைத்து, நிர்ணயிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத நேர்ந்தது. மூலதனம் நூலில் மார்க்ஸ் இந்த நிமிடத் திருட்டுக்கு எத்தனை பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார்! தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் ரிப்போர்ட்டுகளை அவர் வரி வரியாகப் படித்தது வீண்வேலை அல்ல.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். வைகைப் பாசனத்தில் ஒரு ஊர். அப்பா பக்கத்து மில்லில் நூற்பு இலாகா. அம்மா வயல் வேலை. அப்பாவுக்காக ஊதிய சங்குதான் அம்மாவுக்கும் கடிகாரம். முதல் சங்குக்கு அடுப்பு, இரண்டாம் சங்குக்கு அவர் கேட்டுக்குள்ளே, அம்மா நாற்றங்காலுக்குள்ளே. மில்லில் கால் வைக்காத ஜனங்களும் அந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தார்கள். அந்தச் சங்கு காலையில் இரண்டு நிமிடம் முந்தும், மாலையில் மூன்று நிமிடம் பிந்தும். அப்பா ரேடியோ நேரத்தோடு ஒத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாம் சங்கு ஓய்ந்தபின் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றால் அரை நாள் கூலி போச்சு. ‘போனா அஞ்சு நிமிசம்தானே, விடுங்க’ என்று அம்மா சமாதானம் சொல்வாள்.

ஐந்து நிமிடம்தானே? கணக்குப் போடுங்கள். நாளைக்கு 5 நிமிடம். வருஷத்தில் 300 நாள் வேலை என்றால் 1,500 நிமிடம், அதாவது 25 மணி. மூன்று முழு ஷிப்டு, அதற்குமேல் ஒரு மணி. ஆயிரம் பேர் வேலை செய்யும் மில்லில் 25,000 மணி, 3,125 ஷிப்டு. ஒரு தொழிலாளி பத்து வருஷத்துக்கு மேல் பார்க்கிற வேலையை ஒரே வருஷத்தில் கூலி இல்லாமல் கறந்துகொள்கிறது அந்த ஐந்து நிமிடம். இதை யாரும் கன்னம் வைத்துத் திருடவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊதிவிட்டுத்தான் திருடினார்கள்.

நிமிடங்களுக்காக நடந்த போராட்டத்தில்தான் நம் நாட்டுத் தொழிற்சங்கமும் பிறந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் அன்று வாடியாவிடம் எடுத்து வைத்த குறைகளில் முக்கியமானது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அரை மணிக்குள் கை கழுவி, தின்று, சங்குக்கு ஓடி வர வேண்டும். பெரிய தத்துவம் எதுவும் பேசி அந்தச் சங்கம் தொடங்கவில்லை. சோற்றை மென்று விழுங்க நேரம் வேண்டும் என்று தொடங்கியது.

வேலைக்கு அழைப்பது ஒன்று, அபாயத்தைச் சொல்வது ஒன்று. இந்த இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே அக்கறையோடு செய்வதில்லை.

1940 செப்டம்பர் 7ஆம் தேதி முதல் லண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் ஹிட்லரின் விமானங்கள் குண்டு வீசின. ஏறி இறங்கி அலறினால் அபாயம், ஒரே சீராக ஊதினால் அபாயம் நீங்கிற்று. ஆலைகளில் சைரன் கேட்டதும் ஜனங்கள் பதுங்கு குழிக்கு ஓடினார்கள். உற்பத்தி குறைந்தது. உடனே என்ன செய்தார்கள்? கூரைமேல் ஒரு ஆளை நிறுத்தினார்கள். சைரன் ஊதினாலும் வேலை நடக்கட்டும், விமானம் தலைக்கு நேரே வருகிறது என்று அவன் சொன்னால் ஓடலாம் என்று ஏற்பாடு. பாசிஸத்தை முறியடிக்க ஆயுதம் வேண்டியிருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு யந்திரத்தடியில் நின்ற பிரிட்டிஷ் தொழிலாளிக்கு நாம் தலை வணங்க வேண்டும். ஆனால் அவன் வீட்டார் பதுங்க எந்த இடம் இருந்தது? கிழக்கு லண்டனில் சரியான பதுங்கிடம் இல்லை. மேற்கே சவாய் ஓட்டலின் அடித்தளத்தில் பணக்காரர்களுக்குப் படுக்கை போட்ட பதுங்கிடம் இருந்தது. அந்தச் செப்டம்பர் மத்தியில் ஒரு இரவு, ஸ்டெப்னி வட்டாரக் கம்யூனிஸ்ட் கவுன்சிலர் பில் பிராட்டின் தலைமையில் குழந்தை குட்டிகளோடு எழுபது எண்பது பேர் அந்த ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். சைரன் ஊதியிருந்தது. சைரன் ஊதியபின் யாரையும் தெருவில் தள்ள முடியாது. பரிசாரகர்கள் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு தடவை அந்தச் சைரன் ஏழைக்காகவும் ஊதியது!

போபால்

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலை. பூச்சிமருந்து செய்யும் விஷ திரவம் ஒரு தொட்டியில் கொதித்துப் பொங்கி, சுமார் 40 டன் நஞ்சு காற்றாகக் கிளம்பியது. ஆலைச் சுவரை ஒட்டிக் குடிசைகள். கூலிக்காரர்கள், சுமைதூக்கிகள், பீடி சுற்றுகிறவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆலையில் இரண்டு விதச் சங்கு இருந்தது. ஒன்று உள்ளே தொழிலாளிக்குக் கேட்கும். மற்றது ஊருக்குக் கேட்கும். நள்ளிரவுக்குப் பின் ஊர்ச் சங்கு ஊதியது. சில நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள். யாரோ பதறிப்போய்ச் செய்த தவறு அல்ல, தோழர்களே. கம்பெனியின் நடைமுறையே அதுதான். சின்னக் கசிவுகளுக்கெல்லாம் அக்கம்பக்கத்து ஜனங்கள் பயந்துவிடக் கூடாதாம். உள்ளே சங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. வெளியே அமைதி. மறுபடி ஊர்ச் சங்கு முழுக் குரலில் ஊதியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவில் விழுந்தார்கள். ஈரத் துணியை முகத்தில் போட்டிருந்தால், காற்று வீசிய திக்குக்குக் குறுக்காக விலகி நடந்திருந்தால், பலர் பிழைத்திருப்பார்கள். அதைச் சொல்ல ஒரு குரல் இல்லை. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கு மேல் என்பது சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு.

கம்பெனி பின்னால் என்ன சொன்னது? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டான் என்றது. குளிர்சாதனத்தை நிறுத்தி வைத்தது யார், ஆளைக் குறைத்தது யார் என்ற கேள்விகளுக்கு மேல் அந்தக் கதையைப் போர்த்தப் பார்த்தது.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆலையில் என்ன அபாயப் பொருள் இருக்கிறது என்பதை நிர்வாகம் தொழிலாளிக்கும் சுற்றுப்புற ஜனங்களுக்கும் சொல்ல வேண்டும், உடனடி அபாயம் கண்டால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று எழுதினார்கள். நல்லதுதான். 33 வருஷம் கழித்து, 2020 மே 7ஆம் தேதி விடியற்காலை, விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தது. தூக்கத்திலிருந்த கிராமத்தின்மேல் கவிந்தது. 12 உயிர்கள் போயின. அபாயச் சங்கு ஊதப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த குழுவே எழுதியது. ஆலையில் 36 இடங்களில் சங்குக்குப் பொத்தான் இருந்ததாம். முப்பத்தாறு!

காலை ஷிப்டுச் சங்கு என்றைக்காவது ஊத மறந்ததுண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் வைத்து ஊதுவார்கள். ஜனங்களின் உயிரைக் காக்க வேண்டிய சங்குதான் ஊத மறக்கிறது, பாதியில் ஓய்கிறது. ரசாயன ஆலையானாலும் பட்டாசு ஆலையானாலும் சாயப்பட்டறையானாலும், அபாயச் சங்கின் பொத்தான் மானேஜர் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. யந்திரத்தடியில் நிற்கிறவன் கைக்கு எட்ட வேண்டும். ஊதியதற்காக அவன்மேல் நடவடிக்கை இருக்கக் கூடாது. தவறாக ஒரு தடவை ஊதினால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு ஊர் அரை மணி தூக்கம் இழக்கும். நம் தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கைக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளியும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர்தான். விஷக்காற்று ஆலைச் சுவரோடு நிற்பதில்லை.

சங்கு தொழிலாளி கைக்கு வந்த ஒரு நாளையும் சொல்ல வேண்டும். 1922 நவம்பர் 7ஆம் தேதி, அக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு விழா. பாக்கு எண்ணெய் நகரத்தில் அர்சேனி அவ்ராமோவ் என்ற இசைக்காரர் ஊரையே வாத்தியமாக்கினார். ஆலைச் சங்குகள், ரயில் இஞ்சின்கள், காஸ்பியன் கடற்படைக் கப்பல்களின் ஊதல்கள், பீரங்கிகள், இவற்றோடு ஜனங்களின் கோஷ்டி கானம். உயரமான கோபுரத்தில் நின்று கொடிகளை அசைத்து அவர் நடத்தினார். சர்வதேச கீதமும் அதில் ஒலித்தது. கேட்க இனிமையாக இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். காது கிழிந்திருக்கும். ஆனாலும் தினமும் தன்னை விரட்டிய அதே சங்கை அன்று தன் இஷ்டத்துக்கு ஊதிய தொழிலாளியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

இதையெல்லாம் இந்த மாதம் படிப்பு வட்டத்தில் சொன்னேன். கேள்வி கேட்ட இளம் தோழருக்குத் திருப்தி. ஆனால் வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், களையெடுப்பு முடிந்து நேரே வந்தவர், விடவில்லை.

‘தம்பி, காதிலே மெழுகு வச்சுத் துடுப்புப் போட்டாங்களே, அவுங்க ஊரு போய்ச் சேந்தாங்களா?’

சேரவில்லை. ஒடிஸ்ஸியசைக் கட்டிய கயிற்றை இறுக்கியவர்களில் ஒருவன் பெயர் யூரிலோக்கஸ். சைரன் தீவைத் தாண்டி, இன்னும் ஆறு பேரைக் கடல் பூதத்துக்குப் பலி கொடுத்த பிறகு, ஒரு கரை தெரிகிறது. இறங்க வேண்டாம் என்கிறான் தலைவன். அப்போது யூரிலோக்கஸ் எதிர்த்துப் பேசுகிறான். உனக்கு இரும்பு உடம்பு, நாங்கள் தூக்கமில்லாமல் களைத்திருக்கிறோம், இறங்கிச் சமைத்துச் சாப்பிட விடு என்கிறான். எல்லோரும் அவன் பக்கம் நிற்க, தலைவன் இணங்குகிறான். எதிர்க்காற்று ஒரு மாதம் ஓயவில்லை. தானியம் தீர்ந்தது. பசி பொறுக்காமல் அந்தத் தீவில் மேய்ந்த சூரிய தேவனின் மாடுகளை அறுத்துத் தின்றார்கள். கடலில் இறங்கியதும் இடி விழுந்து கப்பல் உடைந்தது. அத்தனை பேரும் செத்தார்கள். ஒடிஸ்ஸியஸ் ஒருவன்தான் பிழைத்தான். தங்கள் மடமையால் அழிந்தார்கள் என்று காவியம் ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: ‘எல்லாரும் செத்துட்டாங்கன்னா, இந்தக் கதையை யாரு வந்து சொன்னது?’

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒடிஸ்ஸியஸ்தான் சொல்கிறான். வேறொரு நாட்டு ராஜாவின் அரண்மனையில், விருந்து சாப்பிட்டபின், உட்கார்ந்து சொல்கிறான்.